மணி கழற்றும் மரம்

"நூற்று நாற்பது மாடுகள், மூன்று மாதம், ஒரே மரத்தடியில் அசையாமல் நின்றிருக்கின்றன. கடந்த ஒன்பது ஆண்டுகளில் ஏழு முறை இப்படி நடந்திருக்கிறது" என்றது வரைவி.

சமுதாயக் கூடமே சிரித்தது. ஒச்சம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"நின்னுச்சாமா!" என்று பின்னாலிருந்து அவளுடைய மதினி பின்னியக்காள் குரல் கொடுத்தாள். "மூணு மாசம் தண்ணி இல்லாம, புல்லு இல்லாம நின்ன மாடு, எறங்கி வந்து எப்பிடித்தா கன்னு போட்டுச்சு? காத்தைக் குடிச்சா?"

"அந்தக் கேள்வி எனக்கும் எழுந்தது. பிழையாக இருக்கலாம் என்று குறித்து அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஏழு முறையும் 'ஏற்கப்பட்டது' என்று பதில் வந்தது."

மேசையை ஒட்டி நின்ற திட்ட அலுவலர் ஜெசிமா பானு தரையைப் பார்த்தாள்.

வரைவி என்பது டிபன் கேரியர் உயரத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. நாட்டிலுள்ள எல்லாக் காட்டுக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் அதுதான் வரைபடம் போட்டிருந்தது. எந்த மலையில் யார் மேய்க்கலாம், எதை மூடலாம், எங்கே மரம் நடலாம் என்று முப்பத்தோராயிரம் பக்கம். அன்று பிற்பகல் மூன்று மணிக்கு டெல்லியில் வாக்கெடுப்பு. அது முடிந்தால் தேசிய வன, மேய்ச்சல் நிலத் திட்டச் சட்டம் நிறைவேறிவிடும். சட்டத்தோடு சேர்த்து அந்த வரைபடமும் ஐம்பது வருடத்துக்கு அசையாது. அதுவரை ஆட்சேபம் சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. இப்போது காலை பத்தரை.

ஒச்சம்மாளின் ஆட்சேபம் ஒரு வரிதான். வரைபடத்தில், ஊர் மாடுகள் கோடையில் மேயும் மேல்மலை ஊமைக்காட்டின்மேல் 'பயன்பாடற்ற வனம்' என்று எழுதியிருந்தது. அதைச் சுற்றி வேலி போட்டு, புல் மேடுகளை உழுது, வேகமாக வளரும் மரங்களை நட்டு, காற்றிலுள்ள கரியை உறிஞ்சும் கரிக்காடு ஆக்கப்போகிறார்கள். ஊமைக்காடு இல்லையென்றால் இந்தக் கோடையில் மாடு பிழைக்காது. கீழ்மலையில் தை மாதத்தோடு புல் கருகிவிட்டது. பங்குனி பிறப்பதற்குள் மேலே ஏற்றாவிட்டால் அத்தனையும் கேரளா அடிமாட்டு லாரிதான்.

"இங்க பாரு, வரைவி" என்றாள் ஒச்சம்மாள். "மாடு நிக்கலை. பட்டைதான் நின்னுச்சு. ஊமைக்காட்டுக்குள்ள மணிச் சத்தத்தோட மாடு போகக்கூடாது. எல்லையில ஒரு தான்றி மரம் இருக்கு. அதுல மணியையெல்லாம் கழட்டி மாட்டிட்டுத்தான் உள்ள விடுவோம். நீங்க குடுத்த கழுத்துப்பட்டை மணிக்கொரு தரம் கீச்சுங்குது. அதுவும் சத்தந்தானே? அதையும் கழட்டி மாட்டிட்டோம். மாடு மூணு மாசம் உள்ள மேஞ்சுச்சு, பட்டை மரத்துல தொங்குச்சு. அம்புட்டுத்தான் விசயம்."

"நீங்கள் சொல்வது பொருந்துகிறது. ஆனால் ஆட்சேபங்களுக்கும் வரைவுச் சட்டத்தின் விதிகளே. மனிதர் சொல் சாட்சியம் ஆகாது. பிரிவு நான்கு."

"படம் இருக்கு! உள்ள மாடு மேயுற படம், இந்தா இந்த ஃபோன்ல இருக்கு" என்று எழுந்தான் வீரணன். பன்னிரண்டு மாடு வைத்திருப்பவன்.

"படமும் ஆகாது. எந்தப் படத்தையும் எவரும் உண்டாக்கிவிடலாம். பட்டை பதிவுசெய்யும் கால்தடம் மட்டுமே சாட்சியம்."

"எந்த வெளங்காதவன்யா இப்பிடி ஒரு சட்டத்தை எழுதுனது?"

அதற்கும் வரைவியிடம் பதில் இருந்தது. "முகவுரையில் ஒரு பெயர் இருக்கிறது. வாசிக்கலாமா?"

"வேணாம்" என்றாள் ஒச்சம்மாள்.

"வாசி, வாசி" என்றது கூட்டம்.

"'எங்கள் வாயை நம்பாவிட்டால் போங்கள். எங்கள் மாட்டின் காலை நம்புங்கள்.' மலைமாடு மேய்ப்போர் சங்கத்தைச் சேர்ந்த ஒச்சம்மாள் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் நாடாளுமன்றக் குழுவின் முன் கூறியது. இச்சட்டத்தின் அடிப்படை இந்த வாக்கியமே."

கூடத்தில் எல்லாத் தலைகளும் ஒச்சம்மாள் பக்கம் திரும்பின.

அந்த வாக்கியம் பொய்யில்லை. பதின்மூன்று வருடத்துக்கு முன் ஒரு கம்பெனிக்காரன் கீழ்மலையை வளைத்துப் போட வந்தான். முப்பது பேரைக் கூட்டிவந்து, "இங்கே மாடே மேய்ந்ததில்லை" என்று சொல்லவைத்தான். ஆளே இல்லாத மலையைக் காட்டும் படத்தைச் செய்துகொண்டு வந்தான். படத்தில் ஒச்சம்மாளின் தொழுவமே இல்லை. அதே தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார்கள். அன்றைக்குத்தான் அவள் ரயிலேறினாள். டெல்லிக் குளிரில் பதினெட்டு நாள் உட்கார்ந்திருந்து அவள் கேட்டதுதான் இன்று சட்டமாகிறது.

"மதினி" என்று மெதுவாகச் சொன்னாள் பின்னியக்காள். "நீ கேட்டதைத்தான் குடுத்துருக்காக போல."

"ஆமா, குடுத்துட்டாக" என்றாள் ஒச்சம்மாள். "நான் காலைக் கேட்டேன். அவுக கழுத்தைப் பிடிச்சுட்டாக."

*

பதினொன்றரைக்கு இடைவேளை. தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒச்சம்மாளும் பின்னியக்காளும் உட்கார்ந்திருந்தபோது ஜெசிமா வந்தாள். ஒன்பது வருடமாக இந்த ஊருக்கு வந்துபோகிறவள். கம்பத்துக்காரி. வரும்போதெல்லாம் பன் வாங்கிவருவாள், அன்றைக்கு வெறுங்கையோடு வந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அந்த ஏழு தடவையும் 'ஏற்கப்பட்டது'ன்னு அழுத்துனது நான்தான்."

ஒச்சம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு நாளைக்கு ஆறாயிரம் பிழை வரும்க்கா. மொத்தமா தேர்ந்தெடுத்து அழுத்திட்டு வீட்டுக்குப் போயிருவோம். எல்லாரும் அப்படித்தான்."

"ஒம்பது வருசமா வர்ற. ஒரு நாளாச்சும் மேல ஏறி அந்த மரத்தைப் பாத்துருக்கியா?"

"இல்லக்கா. பட்டை எல்லாத்தையும் காட்டுதேன்னு இருந்துட்டேன்."

"பட்டையக் கழட்டக்கூடாதுன்னு நீயாச்சும் எங்ககிட்டச் சொன்னியா?"

"தாள்ல இருந்துச்சுக்கா. பன்னிரண்டாம் பக்கம்."

"பன்னெண்டாம் பக்கமா!" என்று பின்னியக்காள் கையைத் தட்டினாள். "மொதப் பக்கத்துல அரசாங்க முத்திரைய பாத்துட்டு, கடைசிப் பக்கத்துல கைநாட்டு வச்சுக் குடுத்த ஆளுக நாங்க. நடுவுல வேற பக்கம் இருந்துச்சா?"

ஜெசிமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். "ஒரு வழி இருக்குக்கா. நானே வரைவிகிட்டக் கேட்டேன். இன்னிக்கு மூணு மணிக்குள்ள பட்டையோட மாடு ஊமைக்காட்டுக்குள்ள காலை வச்சா, அது புதுத்தடம். புதுத்தடம் விழுந்தா ஊமைக்காட்டைப் பயன்பாடற்ற வனம்னு எழுத முடியாது. வரைபடத்துல உங்க பேர் வந்துரும். இங்கேருந்து மரத்துக்கு ஒரு மணி நேர நடைதானே? இப்பக் கிளம்பினாலும் போயிரலாம்."

"அப்ப என்ன ரோசனை? எந்திரி மதினி!" என்று பின்னியக்காள் எழுந்தேவிட்டாள். "ஒரு நாளைக்குத்தானே. சாமிகிட்ட ஒரு கும்பிடு போட்டு, ஆத்தா பொறுத்துக்கன்னுட்டு உள்ள விட்டுருவோம்."

"இரு, பின்னி." ஒச்சம்மாள் ஜெசிமாவையே பார்த்தாள். "பேர் வந்தப்புறம் என்னாகும்?"

"திட்டம் போடும். இத்தனை மாடு, இத்தனை நாள்னு. வருசா வருசம் அதே அளவு."

"மழை பெய்யாத வருசம்?"

"அதே அளவுதான்."

"நடுவுல தீப்பிடிச்சுச்சே. அப்ப ரெண்டு வருசம் நாங்க அந்தப் பக்கமே போகலை. புல்லு வேரு பிடிக்கட்டும்னு கீழ கெடந்து காஞ்சோம். அப்பிடி விட்டா?"

"ரெண்டு வருசம் சேர்ந்தாப்புல தடம் இல்லைன்னா, கைவிட்டதா அர்த்தம். பறிச்சிரும்."

"அப்ப காடு கெடந்து சாகுற வருசமும் நாங்க மேஞ்சே ஆகணும். இல்லாட்டி காடு எங்களுது இல்ல. அப்பிடித்தானே?"

ஜெசிமா தலையை ஆட்டினாள்.

"எதுக்கு மணியக் கழட்டுறோம்னு நெனைக்கிற? சாமி கண்ணைக் குத்தும்னா?"

"ஊர்ல அப்படித்தானேக்கா சொல்றாங்க."

"சொல்லுவாக. பிள்ளைகளுக்கு வேற எப்பிடிச் சொல்றது." ஒச்சம்மாள் மடியிலிருந்து பாக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "மணி இருந்தா காதால மேய்ப்போம்த்தா. பாறை நெழல்ல படுத்துக்கிட்டு, அந்தா கெழக்க கேக்குது, இந்தா ஓடைக்குள்ள கேக்குதுன்னு கெடப்போம். மாடு ஒரே எடத்துல நின்னு புல்லை வேரோட பிடுங்குனாலும் நமக்குத் தெரியாது. மணி கேக்குதுல்ல, போதும்னு கெடப்போம். மணி இல்லாட்டி என்ன செய்வ? எந்திரிச்சுக் கூட நடக்கணும். கண்ணால மேய்க்கணும். கண்ணால பாத்தா, இந்த மேடு களைச்சுப் போச்சு, அங்கிட்டு ஓட்டுன்னு தன்னால தோணும். அந்தக் காடு இம்புட்டு நாள் பச்சையாக் கெடக்கிறது அதனாலதான். சாமியும் அதுக்குள்ளதான் இருக்கு, போ."

ஜெசிமாவின் மணிக்கட்டில் இருந்த அலுவலகப் பட்டை 'கீச்' என்றது. அவள் கையை மடியில் மறைத்துக்கொண்டாள்.

"இப்ப உங்க வரைவி டெல்லியில படுத்துக்கிட்டு நாடு பூராவையும் காதால மேய்க்கிது" என்றாள் ஒச்சம்மாள். "அந்தச் சத்தத்தை ஊமைக்காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போகச் சொல்ற. போனா காடு காயிதத்துல எங்களுக்கு இருக்கும். பத்து வருசத்துல மண்ணுல இருக்காது."

"போகலைன்னா இன்னிக்கே போயிரும்க்கா."

"வேற வழி?"

ஜெசிமா தயங்கினாள். "மூணு மணிக்கு எல்லா மாடும் பட்டையோட எண்ணிக்கைப் பட்டிக்குள்ள நிக்கணும். அப்பத்தான் உங்க மாடுன்னு பதிவாகும். அதோட பட்டைக்குப் பூட்டு விழுந்துரும், அப்புறம் கழட்ட முடியாது. பட்டிக்கு வராத மாடு..." நிறுத்தினாள்.

"சொல்லு."

"பட்டை இல்லாத மாடு வனவிலங்கு. பிரிவு பதினொண்ணு. யாருக்கும் சொந்தமில்லை. விக்க முடியாது, ஊசி போட டாக்டர் வரமாட்டார், பால் சங்கத்துல பால் எடுக்கமாட்டாங்க. யாராச்சும் பிடிச்சுக் கட்டினாலே குற்றம்."

"வெரட்டுனா?"

"வெரட்டுறதும் குற்றந்தான். வனவிலங்குல்ல."

ஒச்சம்மாள் பாக்கைத் துப்பிவிட்டு எழுந்தாள். ஜெசிமாவுக்குத் தான் என்ன சொன்னோம் என்பதே அப்போதுதான் உறைத்தது.

*

மறுபடி கூடம் கூடியபோது வரைவி கேட்டது: "ஆட்சேபத்தை நிலைநாட்டப் புதுத்தடம் தருகிறீர்களா?"

"தரமாட்டேன்" என்றாள் ஒச்சம்மாள்.

"அப்படியானால் ஆட்சேபம் தள்ளுபடி ஆகும்."

"ஆகட்டும். ஒண்ணை மட்டும் எழுதிக்க. பதிமூணு வருசத்துக்கு முந்தி நான் சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்துக்கிறேன்."

"முகவுரையில் ஏறிய சொல்லைத் திரும்பப் பெற வழி இல்லை."

"உன் புஸ்தகத்துல வழி இல்லாட்டி என்ன? என் வாய்ல இருக்கு. எங்க வாயை நம்பாதவனுக்கு எங்க மாட்டுக் காலும் கெடையாது. எழுதிட்டியா?"

"மனிதர் சொல்..."

"சாட்சியம் ஆகாது. தெரியும். ஆகாட்டியும் எழுது."

கொஞ்ச நேரம் பெட்டியில் பச்சை விளக்கு துடித்தது. "எழுதிக்கொண்டேன்" என்றது.

வெளியே வந்ததும் வீரணன் மறித்தான். அவன் முகம் சிவந்திருந்தது.

"அயித்த, என்ன செய்யப் போற? எல்லா மாட்டையும் அநாதையா விடப்போறியா?"

"காட்டுல விடப்போறேன்."

"நாளைப்பின்னே என் மாட்டை எம்மாடுன்னு சொல்ல முடியாது. எவனாச்சும் வந்து பிடிச்சிட்டுப் போனா ஏன்டான்னு கேக்க முடியாது. எங்கய்யா எனக்குன்னு விட்டுட்டுப் போனது அது மட்டுந்தான்."

"எனக்கும் அது மட்டுந்தான்டா. முப்பத்தொண்ணு."

"என் பன்னெண்டும் என் பேர்லதான் நிக்கணும். நான் பட்டிக்குத்தான் ஓட்டுவேன்."

"ஓட்டு" என்றாள் ஒச்சம்மாள். "உன் மாடு, உன் மனசு. ஒருத்தரும் உன்னைய ஒண்ணும் சொல்லமாட்டாக." சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "சொல்லக்கூடாது. கேட்டுச்சா?" என்றாள்.

வீரணன் பன்னிரண்டைப் பிரித்து ஓட்டிக்கொண்டு கீழே இறங்கினான். நூற்று இருபத்தெட்டு மேலே ஏறின.

தான்றி மரத்தடிக்குப் போய்ச் சேரும்போது இரண்டரை. பெரிய மரம். அடிமரத்தில் ஆள் உயரத்துக்கு மரமுளைகள் அறைந்திருந்தன. கயிறு தேய்ந்து தேய்ந்து வழவழத்துப் போன முளைகள். வழக்கமாக இந்த இடத்தில் பேச்சும் கேலியுமாக இருக்கும். யார் மாட்டின் மணி பெரிது என்று வம்பு இழுப்பார்கள். அன்றைக்கு முதல் மணியைக் கழற்றும் கை எதுவென்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒச்சம்மாள் தன் செவலையின் கழுத்தில் கைவைத்தாள். மணிக்கயிறு சுலபமாக அவிழ்ந்தது. பட்டையின் கொக்கியைத் தொட்டதும் அதிலிருந்து குரல் வந்தது. "எச்சரிக்கை. பதிவு நேரத்துக்கு முப்பது நிமிடம் உள்ளது. உரிமையாளர் ஒச்சம்மாள். இந்தப் பட்டை இப்போது நீக்கப்பட்டால் உரிமை நீங்கும்."

"இது வேற பேசுதா இன்னிக்கு!" என்றாள் பின்னியக்காள்.

செவலை தலையைத் திருப்பி ஒச்சம்மாளின் கையை நக்கியது. அதன் தாயையும், தாயின் தாயையும் அவள்தான் வளர்த்தாள். பேறுகாலத்தில் கைவிட்டுக் கன்றை இழுத்தவள்.

"இந்தா பாரு" என்று அதன் காதில் சொன்னாள். "இனிமே நீ யாரோ, நான் யாரோ. யாராச்சும் கேட்டா என்னையத் தெரியாதுன்னு சொல்லிரு."

கொக்கியைத் தட்டினாள். பட்டை கையோடு வந்தது. முளையில் மாட்டினாள்.

அப்புறம் யாரும் யாரையும் பார்க்கவில்லை. எச்சரிக்கை, எச்சரிக்கை என்று நூற்று இருபத்தெட்டுக் குரல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. பின்னியக்காள் ஒவ்வொரு கொக்கிக்கும் ஒரு வசவு வைத்துக் கழற்றினாள். முளைகள் போதாமல் கிளைகளிலும் மாட்டினார்கள். கடைசி மாடு ஊமைக்காட்டுக்குள் கால் வைத்தபோது, யாரோ வைத்திருந்த ஃபோனில் டெல்லியில் மேசை தட்டும் சத்தம் கேட்டது. சட்டம் நிறைவேறிவிட்டது.

"அதையும் மாட்டுய்யா" என்றாள் ஒச்சம்மாள். ஃபோன்களும் மரத்தில் ஏறின. மக்கள் மாடுகளுக்குப் பின்னால் நடந்தார்கள்.

*

ஒன்பதாம் நாள் காலையில் கோட்ட அலுவலர் ரகோத்தமன் ஜெசிமாவையும் இரண்டு காவலர்களையும் கூட்டிக்கொண்டு மரத்தடிக்கு வந்தார். நிழலில் ஒச்சம்மாள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். உள்ளே பத்துப் பன்னிரண்டு மாடுகள் மேய்வது அங்கிருந்தே தெரிந்தது.

"இது உங்க மாடுதானே?" என்றார் ரகோத்தமன்.

"எது?"

"அந்தா, செவலை."

"எனக்கு ஏது சார் மாடு? உங்க பதிவேட்டைப் பாருங்க. ஒண்ணு இருந்தாலும் கூட்டிட்டுப் போங்க."

அவர் ஃபோனை எடுத்தார். "வரைவி, எனக்கு எதிர்ல மாடு நிக்குது. ஓட்டி வெளியேத்த உத்தரவு வேணும்."

"கழுத்துப்பட்டை உள்ளதா?"

"இல்லை."

"அப்படியானால் அது வனவிலங்கு. விரட்டுவது குற்றம்."

காவலர்களில் ஒருவன் இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தான். ரகோத்தமன் குரலை உயர்த்தினார். "இவங்க ஊர் ஆளுங்க மூடின காட்டுக்குள்ள போக வர இருக்காங்க. ரெண்டு பேர் உள்ளேருந்து வந்ததை நானே இப்ப என் கண்ணால பார்த்தேன்!"

"மனிதர் சொல் சாட்சியம் ஆகாது" என்றது வரைவி. "பிரிவு நான்கு."

"நான் கோட்ட அலுவலர்!"

"பிரிவு நான்கில் பதவிக்கு விலக்கு இல்லை."

"நல்ல சட்டம் சார்" என்றாள் ஒச்சம்மாள். "பதினெட்டு நாள் உக்காந்து வாங்குனேன்."

ரகோத்தமன் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். மனிதர் கெட்டவர் இல்லை. அடுத்த வாரம் மரக்கன்று லாரி வருகிறது, மேலிடத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். "சரி, இந்த விலங்குங்க இருக்கும்போதே கன்னு நட்டா?"

"வனவிலங்கு மேயும் நிலத்தில், அவற்றை எண்ணி முடிக்கும்வரை நடவு கூடாது. அவற்றுக்குப் பட்டை இல்லை. எனவே அலுவலர் ஒருவர் நடந்து சென்று, ஒரு பருவம் முழுவதும் நேரில் கண்டு எண்ண வேண்டும். இந்த ஒன்றுக்கு மட்டும் மனிதக் கண் சாட்சியம் ஆகும்."

"ஒரு பருவமா?"

"மூன்று மாதம்."

ஒச்சம்மாள் ஜெசிமாவைப் பார்த்தாள். ஜெசிமா மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடத்தில் இன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறாள். காற்றில் மணிகளும் பட்டைகளும் ஒன்றோடொன்று முட்டி லேசாகச் சத்தமிட்டன.

"நான் போறேன் சார்" என்றாள்.

"மூணு மாசம்மா. காடு."

"இத்தனை வருசம் நான் பார்க்காததுதானே சார் இது. நான்தான் பார்க்கணும்."

அவர் கையசைத்துவிட்டு இறங்கிப்போனார். போகும்போது ஒரு தடவை திரும்பி, "சரியா எண்ணுங்க" என்றார். அது மிரட்டலா வேண்டுகோளா என்பது அவருக்கே தெளிவாக இருந்திருக்காது.

"மரத்துல மொத்தம் எத்தனை பட்டைக்கா?" என்று கேட்டாள் ஜெசிமா.

"நூத்திமுப்பது."

"நூத்தி இருபத்தெட்டுதானே ஏறுச்சு?"

"வீரணன் மாடு ரெண்டு, பட்டியில போட்ட வைக்கோலை மோந்து பாத்துட்டு வேலியத் தாண்டி ஓடியாந்துருச்சு. இவன் பின்னாலேயே மூச்சு வாங்க ஓடி வந்தான். பட்டையோட உள்ள போயிருச்சுன்னா தடம் விழுந்துரும்ல? எல்லையில மறிச்சு, பூட்டை அருவாளால அறுத்து, அவனே மாட்டிட்டுப் போனான். போயி மிச்சம் பத்தையும் வேலி ஓரமா கட்டியிருக்கானாம். அதுக எப்ப தாண்டும்னு பாத்துக்கிட்டு உக்காந்துருக்கான்."

ஜெசிமா முதல்முறையாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே காட்டுக்குள் ஓரடி வைத்தாள்.

"ஏத்தா, நில்லு" என்றாள் ஒச்சம்மாள். "கையில என்ன?"

மணிக்கட்டில் அலுவலகப் பட்டை. அவள் எங்கே இருக்கிறாள், நடக்கிறாளா, நிற்கிறாளா என்பதையெல்லாம் நிமிடத்துக்கு நிமிடம் வரைவிக்குச் சொல்வது. அந்த நேரம் பார்த்து அது 'கீச்' என்றது.

"இதைக் கழட்டினா என் வேலை..." என்று ஆரம்பித்தவள், ஒச்சம்மாளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"எனக்குப் போனது முப்பத்தொண்ணு மாடு" என்றாள் ஒச்சம்மாள்.

ஜெசிமா கொக்கியைத் தட்டினாள். செவலையின் பட்டைக்குப் பக்கத்தில் ஒரு முளை காலியாக இருந்தது.

*

ஜெசிமா காட்டுக்குள் போன அறுபத்தேழாம் நாள், தேனி அலுவலகத்துக்கு வரைவி ஒரு குறிப்பு அனுப்பியது: 'திட்ட அலுவலர் ஜெசிமா பானு அறுபத்தேழு நாட்களாக ஒரே மரத்தடியில் அசையாமல் நிற்கிறார். பிழையாக இருக்கலாம்.'

அன்றைக்கு மட்டும் ஆறாயிரத்துச் சொச்சம் குறிப்புகள் வந்திருந்தன. ஜெசிமாவின் நாற்காலியில் புதிதாக உட்கார்ந்திருந்தவர் அத்தனையையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, 'ஏற்கப்பட்டது' என்று அழுத்திவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.